டாலர் பிறந்த ஊரின் பச்சைத் துத்தம்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மூன்று மாதமாகிவிட்டது. மார்ச் கணக்கு முடிப்பு, பிறகு ஆடிட், பிறகு அந்த ஆடிட்டுக்குப் பதில் எழுதுவது... வங்கியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "எழுதுறதையே விட்டுட்டீங்களா சார்?" என்று மடல் போட்ட மஸ்கட் நண்பருக்கு நன்றி. விடவில்லை. ஒரு கல்லைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பி.காம் படித்தவனுக்கு ஒரு கல்லைப் புரிந்துகொள்ள இவ்வளவு நாள் ஆகிறது :-)

ஒரே வாரத்தில் இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, ஊரிலிருந்து அத்தானின் போன். அக்காவைக் கட்டிக் கொடுத்தது கன்னியாகுமரி மாவட்டத்தில் மிடாலம் பக்கம். கடற்கரையில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் பற்றி அங்கே பேச்சு ஓயவே இல்லை. "மாப்ள, நீ படிச்சவன். ஒருத்தன் வேலை வரும்ங்கான், ஒருத்தன் ஊரே போயிரும்ங்கான். எது நெசம்னு பாத்துச் சொல்லு" என்றார். கணக்குப் படித்தவனிடம் கதிரியக்கம் கேட்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் குடும்பத்தில் முதலில் வெளியூர் போனவனுக்கு எல்லாம் தெரியும் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

இரண்டாவது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். பள்ளிக் கண்காட்சிக்காகக் கனிமப் படங்கள் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தைக் காட்டி, "அப்பா, இது மயில்துத்தமா?" என்றாள். பார்த்தால் நல்ல மரகதப் பச்சை. மயில்துத்தம் நீலமாகத்தானே இருக்கும்! எங்கள் ஊரில் அதைத் துரிசு என்போம். ரப்பர் மரத்துக்கும் கமுகுக்கும் சுண்ணாம்போடு கலந்து அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். படத்தின் கீழே ஜொஹனைட் என்று போட்டிருந்தது. தாமிரமும் யுரேனியமும் சேர்ந்த சல்பேட். கிடைத்த இடம் யாஹிமோவ், செக் நாடு.

அத்தானுக்குப் பதில் சொல்ல, யுரேனியத்தின் பழைய ஊர் எது, அங்கே என்ன நடந்தது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது வந்து நின்ற பெயரும் அதுவே. அந்த ஊருக்கு இன்னொரு பெயர் உண்டு. வங்கியில் வேலை பார்ப்பவன் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

* * *

யாஹிமோவின் ஜெர்மன் பெயர் யோவாகிம்ஸ்டால். 'டால்' என்றால் பள்ளத்தாக்கு. புனித யோவாகிமின் பள்ளத்தாக்கு. பொஹீமியாவுக்கும் சாக்ஸனிக்கும் நடுவே உள்ள மலைத்தொடரில், 1516-ல் வெள்ளி கிடைத்ததை ஒட்டி எழுந்த ஊர். ஷ்லிக் என்ற பிரபுக் குடும்பத்தின் நிலம். சில ஆண்டுகளிலேயே, 1520 வாக்கில், அவர்கள் அந்த வெள்ளியில் பெரிய நாணயம் அடிக்கத் தொடங்கினார்கள். யோவாகிம்ஸ்டாலில் அடித்த காசு என்பதால் 'யோவாகிம்ஸ்டாலர்'. வாய்க்குள் நுழையாத பெயரை ஜனங்கள் சுருக்கி 'டாலர்' என்றார்கள். டச்சுக்காரர் வாயில் 'டால்டர்' ஆகி, ஆங்கிலேயரிடம் போய், கடைசியில் அமெரிக்காவின் பணத்துக்குப் பெயராக நின்றது. வெளிநாட்டில் இருப்பவர்கள் மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் டாலருக்கு இந்தப் பள்ளத்தாக்குதான் பிறந்த வீடு.

1530களில் அந்த ஊரின் ஜனத்தொகை பதினெட்டாயிரத்தைத் தொட்டது. பொஹீமியாவில் பிராகுக்கு அடுத்த பெரிய ஊர். ஊர் வைத்தியராக 1527-ல் வந்தவர் அக்ரிகோலா. சுரங்கத் தொழிலைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1556-ல், அவர் இறந்த மறு வருஷம், வெளிவந்தது. சுரங்கத் தூசி நுரையீரலைத் தின்பதை அதில் எழுதியிருக்கிறார். கார்பேத்திய மலைச் சுரங்கங்களில் கணவர்களை ஒருவர்பின் ஒருவராக இழந்து, ஏழு முறை மணம் செய்துகொண்ட பெண்கள் இருந்ததாகவும் சொல்கிறார். படித்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

வெள்ளியைத் தேடித் தோண்டியவர்களுக்குக் கறுப்பாக, தார் போல மினுங்கும் ஒரு கனமான கல் அடிக்கடி தட்டுப்பட்டது. அது வந்தால் வெள்ளி முடிந்தது என்று அர்த்தம். பிட்ச்பிளெண்ட் என்று பெயர் வைத்தார்கள். அதன் ஜெர்மன் பெயரில் வரும் 'பெஹ்' என்ற சொல்லுக்குத் தார் என்றும் பொருள், துரதிர்ஷ்டம் என்றும் பொருள். தூக்கி வெளியே குவித்தார்கள். 1789-ல் பெர்லின் வேதியியலாளர் கிளாப்ரோத், பிட்ச்பிளெண்டில் புதிதாக ஒரு உலோகம் இருப்பதைக் கண்டார். எட்டு வருஷத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பெயரை அதற்கு வைத்தார். யுரேனியம் வந்த கதை அவ்வளவுதான்.

* * *

இனி நம் பச்சைக் கல். வேதியியல் என்று பயந்து ஓடிவிடாதீர்கள். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

நம் வீடுகளில் துத்தக் குடும்பம் புதிதல்ல. மயில்துத்தம் தாமிரத்தின் சல்பேட். சித்த மருந்துக் கடையில் விற்கும் அன்னபேதி இரும்பின் சல்பேட். முகச்சவரம் செய்தபின் தேய்க்கும் படிகாரமும் சல்பேட்தான். எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், உலோகமும் கந்தக அமிலமும் சேர்ந்து பிறந்த உப்பு என்பது. பெரும்பாலும் தண்ணீரில் கரையும். ஈரத்தில் உருகி, காய்ந்தால் மறுபடி படியும்.

சுரங்கத்துக்குள் இந்த உப்பு தானாக உண்டாகிறது. பாறையில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கல் இருக்கும். பூமிக்குள் மூடிக் கிடக்கும்வரை அது சாது. மனிதன் குடைந்து காற்றையும் ஈரத்தையும் உள்ளே விட்டதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலமாக மாறிக் கசியும். அந்த அமிலம் பக்கத்திலுள்ள பிட்ச்பிளெண்டைக் கரைக்கும். தாமிரக் கனிமம் இருந்தால் அதையும் கரைக்கும். கரைசல் சுவரில் வழிந்து காய்ந்தால், பச்சையாக ஒரு பூச்சு. அதுதான் ஜொஹனைட். தாமிரம் சேராமல் பொட்டாசியம் போன்றவை சேர்ந்தால் பொன்மஞ்சள் பூச்சு. அது ஸிப்பைட்.

ஒன்று கவனியுங்கள். சுவரில் பூக்கும் இந்தப் பச்சைப் பூச்சு, சுரங்கத்தைத் தோண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போன பொருள் அல்ல. தோண்டியதால் பிறந்தது. ஆள் போனபிறகும் பிறந்துகொண்டே இருப்பது.

ஜொஹனைட்டை விவரித்துப் பெயரிட்டவர் ஹைடிங்கர் என்ற ஆஸ்திரியக் கனிமவியலாளர், 1830-ல். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் அளவுகோலைத் தந்த மோஸின் மாணவர் இவர். பெயர் ஆஸ்திரிய இளவரசர் யோஹானுக்காக. அவர் 1811-ல் கிராட்ஸ் நகரில் மக்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் நிறுவியவர். மோஸ் வேலை பார்த்ததும் ஹைடிங்கர் பாடம் கேட்டதும் அங்கேதான். அரச குடும்பத்துக்காரராக இருந்தும் தபால் நிலைய அதிகாரி ஒருவரின் மகளை 1829-ல் மணந்துகொண்டவர் என்பது கூடுதல் தகவல்.

கல்லின் குணங்களை மகளின் கண்காட்சி அட்டைக்காகத் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். நிறம் மரகதப் பச்சை முதல் மஞ்சள் கலந்த பச்சை வரை. கடினம் 2 முதல் 2.5 வரை, அதாவது நகத்தால் கீறினாலே கீறல் விழும் அளவு. எடை தண்ணீரைப்போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். தண்ணீரில் சிறிதளவு கரையும். எடையில் கிட்டத்தட்டப் பாதி, சுமார் 49 சதவீதம், யுரேனியம். சுவை கசப்பு என்று பழைய புத்தகங்களில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கனிமத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பது ஒரு சோதனை முறை! "இதை மட்டும் யாரும் செய்து பார்க்கக் கூடாது" என்று அவள் சிவப்பு மையில் அடிக்கோடிட்டாள்.

இன்னொரு குணம் எனக்குப் பிடித்தது. ஸிப்பைட்டைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் மஞ்சளாகப் பளிச்சென்று ஒளிரும். யுரேனிய உப்புகள் பலவும் அப்படித்தான். ஜொஹனைட் ஒளிராது. உள்ளே இருக்கும் தாமிரம் அந்த ஒளியை அணைத்துவிடுகிறது. ஆனால் ஒளி இல்லை என்பதால் கதிர்வீச்சு இல்லை என்று ஆகாது.

இந்த வித்தியாசத்தை உலகத்துக்குக் காட்டியதும் ஒரு யுரேனிய சல்பேட்தான். 1896 பிப்ரவரி கடைசி, பாரிஸ். ஹென்றி பெக்கரல், ஒளிரும் உப்புகளை வெயிலில் வைத்து அவை எக்ஸ் கதிர் தருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது பொட்டாசியம் யுரேனைல் சல்பேட். சில நாள் வெயில் வரவில்லை. கறுப்புக் காகிதத்தில் சுற்றிய புகைப்படத் தகட்டின் மேல் உப்பை வைத்தபடியே இழுப்பறையில் போட்டுவிட்டார். மார்ச் 1-ஆம் தேதி எடுத்துக் கழுவிப் பார்த்தால், உப்பின் நிழல் அழுத்தமாக விழுந்திருந்தது. வெயிலே இல்லாமல்! கதிரியக்கம் என்று பிறகு பெயர் பெற்ற விஷயம் இப்படித்தான் வெளிப்பட்டது.

* * *

யோவாகிம்ஸ்டாலுக்குத் திரும்புவோம். வெள்ளி தீர்ந்துபோன ஊருக்கு, தூக்கி எறிந்த கறுப்புக் கல்லே 1850களில் சோறு போட்டது. யுரேனியத்திலிருந்து மஞ்சள் சாயம் எடுத்துக் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் விற்றார்கள். சாயம் எடுத்தபின் மிஞ்சிய சக்கையைப் பக்கத்துப் பைன் காட்டில் கொட்டினார்கள்.

மேரி கியூரியும் பியர் கியூரியும் அந்தச் சக்கையைத்தான் கேட்டு வாங்கினார்கள். மூட்டைகளில் வந்த பழுப்புத் தூளில் பைன் இலைகள் கலந்து கிடந்தன. 1898-ல் பொலோனியம், ரேடியம் இரண்டையும் அறிவித்தவர்கள், டன் கணக்கில் அந்தச் சக்கையைக் காய்ச்சி, 1902-ல் 0.1 கிராம் ரேடிய உப்பைத் தனியே எடுத்தார்கள். யுரேனியம் எடுத்த பின்பும் கதிரியக்கத்தின் பெரும்பகுதி சக்கையிலேயே இருந்தது என்பதை உலகம் முதலில் கற்றது அப்போதுதான். இது ஞாபகம் இருக்கட்டும், பின்னால் வரும்.

பிறகு அதே ஊர் ரேடியக் குளியல் ஊராக மாறியது. பணக்காரர்கள் மூட்டுவலிக்குக் குளிக்க வந்தார்கள். இன்றும் வருகிறார்கள். ஆனால் கீழே வேலை செய்தவன் கதை வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்ற 'மலை நோய்' நுரையீரல் புற்றுநோய்தான் என்று 1879-ல் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். ரேடியம் சிதைந்து பிறக்கும் ராடான் வாயு அதற்குக் காரணம் என்பது தெளிவாக இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த யுரேனியம் சோவியத் அணுகுண்டுத் திட்டத்துக்குப் போனது. சுரங்கத்தைச் சுற்றி முகாம்கள். முதலில் ஜெர்மன் போர்க் கைதிகள், பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவின் அரசியல் கைதிகள் ஆயிரக்கணக்கில் உள்ளே இறக்கப்பட்டார்கள். 1960களில் யுரேனியம் எடுப்பது நின்றது. ஆக, ஒரே மலை. வெள்ளி பிரபுவுக்கு. சாயம் தொழிற்சாலைக்கு. ரேடியம் அறிவியலுக்கு. யுரேனியம் வல்லரசுக்கு. நுரையீரல் மட்டும் எப்போதும் உள்ளூர்க்காரனுடையது.

* * *

சரி, இதற்கும் மைசூருக்கும் என்ன சம்பந்தம்?

மைசூருக்கு மாற்றலாகி வந்து எனக்கு இது நான்காவது வருஷம். பயிர்க்கடன் பார்வைக்காக ஹுன்சூர் சாலையில் அடிக்கடி போவேன். இலவாலா தாண்டி உள்ளே போனால் ரத்னஹள்ளி. தமிழில் சொன்னால் ரத்தினப்பட்டி! அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ரேர் மெட்டீரியல்ஸ் பிளான்ட் இருக்கிறது. யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலை. வேலிக்கு இந்தப் பக்கம் ராகி, அந்தப் பக்கம் மௌனம்.

செறிவூட்டல் என்றால் என்ன? இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களில் ஏழுதான் எளிதில் பிளக்கும் 235 வகை. மீதி 993-ம் 238 வகை. இரண்டுக்கும் எடையில் மட்டும் சின்ன வித்தியாசம். யுரேனியத்தை ஃபுளோரினோடு சேர்த்து வாயுவாக்கி, மிக வேகமாகச் சுழலும் உருளைகளில் விட்டால், கனமானது ஓரத்துக்கு ஒதுங்கும், லேசானது நடுவில் மிஞ்சும். உருளைக்குப் பின் உருளையாகச் செய்துகொண்டே போனால் 235-ன் பங்கு ஏறும். தயிர் கடைந்து வெண்ணெய் பிரிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தைய கட்டம்தான் நம் சல்பேட் கதை. ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் 1967-ல் தொடங்கப்பட்ட யுரேனியம் கார்ப்பரேஷன் என்ன செய்கிறது? பாறையை மாவாக அரைத்து, கந்தக அமிலத்தில் ஊறவைத்து, யுரேனியத்தைச் சல்பேட்டாகக் கரைத்து எடுக்கிறது. யோவாகிம்ஸ்டால் சுவரில் காற்றும் ஈரமும் வருஷக்கணக்கில் செய்த அதே வேலையைத் தொட்டியில் மணிக்கணக்கில் செய்கிறார்கள். கரைசலைச் சுத்தம் செய்தால் மஞ்சள் தூள். அது ஹைதராபாத் போய் உலை எரிபொருளாகிறது. கர்நாடகத்தின் கைகா உலைகள் ஓடுவது செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தில்தான்.

எல்லா யுரேனியப் பாறைக்கும் இந்த அமிலம் ஒத்துவராது. ஆந்திராவின் தும்மலப்பள்ளி, நம் கர்நாடகத்தில் யாதகிரி மாவட்டத்துக் கோகி போன்ற இடங்களில் சுண்ணாம்பு வகைப் பாறை அதிகம். அமிலத்தை ஊற்றினால் முதலில் சுண்ணாம்பே குடித்துவிடும். அங்கெல்லாம் காரத்தில்தான் கரைக்க வேண்டும். தும்மலப்பள்ளியில் 2012 முதல் அப்படித்தான். கோகியில் கனிமம் இருப்பது தெரிந்தும் முழு அளவில் சுரங்கம் வரவில்லை.

ஜாதுகுடாவில் ஒரு டன் பாறைக்கு யுரேனியம் ஒரு கிலோகூடத் தேறாது. மீதியெல்லாம் சேறு. சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்துக் கழிவுக் குட்டைக்கு அனுப்புகிறார்கள். கியூரி வாங்கிய சக்கை நினைவிருக்கிறதா? அதே கணக்குதான். யுரேனியம் போனாலும் ரேடியம் சேற்றிலேயே தங்கும். 2006 டிசம்பரில் அந்தச் சேறு போகும் குழாய் உடைந்து ஓடையில் கலந்தது. குட்டையைச் சுற்றி இருப்பவர்கள் சந்தால், ஹோ பழங்குடி மக்கள். அவர்களின் நிலையைப் பற்றி 1999-ல் ஸ்ரீபிரகாஷ் எடுத்த ஆவணப்படம் வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. கதிரியக்கம் வரம்புக்குள் இருக்கிறது என்பது நிறுவனத்தின் வாதம்.

ரேடியம் பாதியாகக் குறைய 1,600 வருஷம். யுரேனியம் 238 பாதியாக 447 கோடி வருஷம். நான் பார்த்த கடன்களிலேயே நீண்டது வீட்டுக் கடன், 30 வருஷம் :-)

* * *

இப்போது அத்தானுக்குப் பதில்.

நம் கடற்கரை மணலில் இருப்பது சல்பேட் அல்ல, மோனசைட் என்ற பாஸ்பேட். இரண்டுக்கும் குணம் நேரெதிர். ஜொஹனைட் தண்ணீரில் கொஞ்சமாவது கரையும். மோனசைட்டைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறை பொடிந்து, ஆறு இழுத்து, கடல் அலசி, கோடிக்கணக்கான வருஷம் உருண்டும் கரையாமல் கரையில் ஒதுங்கியது அது. அதில் தோரியம் ஆக்ஸைடு எட்டு முதல் பத்து சதவீதம். யுரேனியம் அரை சதவீதத்துக்கும் குறைவு. பிரித்தெடுக்க ஆலையில் கொதிக்கும் கார சோடாவோ அடர் அமிலமோ வேண்டும்.

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் இதைக் கண்டுபிடித்த கதை நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். திருவாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்பு. அன்றைக்கு ஐரோப்பாவின் கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தோரியம் தேவை. தேடி வந்து நின்ற இடம் மணவாளக்குறிச்சி. நாம் அனுப்பியது கயிறு. அவர்கள் பார்த்தது மணல்!

சும்மா கிடக்கும் மணலே ஆபத்தா? இதே மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நீண்ட காலம் மக்களைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2009-ல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஆகவே "மணலில் நடந்தாலே நோய்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம், அத்தான். "மணலை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறைந்து ஊருக்கு நல்லது" என்று சொல்பவர்களையும் ஒரு கேள்வி கேளுங்கள். மணல் மட்டுமா போகும்? கிள்ளியூர் வட்டத்தில் கேட்கப்படுவது 1,144 ஹெக்டேர். 2024-ல் அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. ஏற்கெனவே கடல் கரையை அரிக்கும் ஊர்கள் அவை. கரை மணல்தான் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே நிற்கும் சுவர். வள்ளம் ஏற்றி வைப்பதும் அங்கேதான்.

நான் வங்கிக்காரன். ஒரு திட்டம் கடனுக்கு வந்தால் லாபக் கணக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டோம். கடைசிப் பக்கத்தைப் பார்ப்போம். திட்டம் முடிந்தபின் பாக்கி யார் பெயரில் நிற்கிறது? ஜாமீன் யார்? யோவாகிம்ஸ்டாலில் 500 வருஷத்துக்கு முன் யாரும் இதைக் கேட்கவில்லை. ஜாதுகுடாவில் கேட்டார்கள், ஆனால் சுரங்கம் ஓடத் தொடங்கி வெகுகாலத்துக்குப் பிறகு. மிடாலத்தில் இன்னும் நேரம் இருக்கிறது. மணலை எங்கே பிரிப்பார்கள், கழிவு எங்கே போகும், எடுத்த குழியை எதைக் கொண்டு நிரப்புவார்கள், இருபது வருஷம் கழித்து கடல் உள்ளே வந்தால் வீட்டுக்கு யார் பொறுப்பு. இவற்றை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு எந்த வங்கியிலும் மதிப்பில்லை.

இதைப் போனில் சொல்லி முடித்ததும் அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ இருக்கிற ஊர்லயும் அந்த அணு பேக்டரி இருக்காமே. அங்க ஜனங்க என்ன சொல்றாங்க?" என்றார்.

என்னிடம் சட்டென்று பதில் வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் உண்மை. நான்கு வருஷமாக அந்தச் சாலையில் போகிறேன், நானும் கேட்டதில்லை. சுரங்கம் ஒரு ஊரில், குட்டை ஒரு ஊரில், ஆலை ஒரு ஊரில், விளக்கு எரிவது இன்னொரு ஊரில். இப்படிப் பிரித்து வைத்தால் எந்த ஊருக்கும் முழுக் கணக்கு தெரியாது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் வசதி. ஊர்க் கடல் அங்கே, நாம் இங்கே.

"கேட்டுச் சொல்றேன் அத்தான்" என்றேன்.

மகளின் கண்காட்சி போன சனிக்கிழமை நடந்தது. ஜொஹனைட் படத்தின் கீழே என் குறிப்புகளோடு தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இது சுரங்கத்தில் கிடைத்த கல் இல்லை. சுரங்கம் தோண்டியதால் வந்த கல்.' வேதியியல் ஆசிரியை அதைப் படித்துவிட்டு யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டாராம். அப்பா என்று சொல்லவில்லையாம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான் :-)

குளச்சல், மணவாளக்குறிச்சி, மிடாலம், இனயம் பக்கத்துக்காரர்கள் எந்த நாட்டில் இருந்து இதைப் படித்தாலும், ஊரில் இப்போது என்ன நடக்கிறது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வேதியியலில் நான் எங்காவது தடுக்கி விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். அடுத்த ஆடிட்டுக்குள் மறுபடி சந்திப்போம்.